கிழக்கு ஜன்னலும் ஒரு பிளாட்டின மணியும்

ஹைட்ரஜன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. முதலில் இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. எரிகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டை நீட்ட வேண்டும். காகிதம் பற்றினால் சுடர் இருக்கிறது. பற்றவில்லை, ஆனால் 'ஸ்ஸ்' என்று சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் எரியாத வாயு அறைக்குள் நிறைந்துகொண்டிருக்கிறது. அப்போது வீராதி வீரராக இருக்க வேண்டாம். குழாயை மூடிவிட்டு வெளியே ஓடுங்கள்.

முப்பத்தோரு வருஷம் அந்தச் சுடருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பழகியிருக்குமே என்று கேட்பீர்கள். ஒரு நாள்கூடப் பழகவில்லை. நான் பயந்தாங்கொள்ளி. அது வெளியே தெரியாமலிருக்கத்தான் ஆய்வுக்கூடத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். என்னிடம் வேலை செய்தவர்கள் என்னைக் கண்டிப்பானவள் என்று சொல்வார்கள். கண்டிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, முழுக்க முழுக்க உதறல்தான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி இப்போதைய துறைத் தலைவர் கேட்டார். உற்சாகம் என்னிடம் ஸ்டாக் இல்லை. பயம் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரே ஒரு வாரத்துக் கதை.

நீங்கள் பல துறைகளிலிருந்து வந்திருப்பதால் வேலையைப் பற்றி இரண்டு வரி. பிளாட்டினக் கம்பியின் நுனியைச் சுடரில் உருக்கி, மிக மெதுவாக ஆறவிட்டால் நுனியில் ஒரு மணி திரளும். மிளகைவிடச் சின்னது. அதைச் சரியான கோணத்தில் வெட்டி மெருகேற்றினால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய ஒரு சமதளம் கிடைக்கும். ஒரு நல்ல மணி அமைய எனக்கு எட்டு மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் அதைச் சுடரில் காட்டிச் சிவக்கவைத்து, வாயுவில் ஆற்றி, அதன் முகத்தில் ஒரே ஒரு சொட்டுச் சுத்தத் தண்ணீரை வைத்து மூடி, அமிலக் கலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி இறக்கினால் கருவி திரையில் ஒரு கோடு வரையும். அந்தக் கோட்டின் வடிவம்தான் எங்களுக்கு எல்லாம். தளம் சுத்தமாக இருந்தால் அது இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி வரும். எங்கேயோ கடுகத்தனை அழுக்கு இருந்தாலும் இறக்கை கோணிக்கொள்ளும்.

அதனால் எங்கள் பிழைப்பே கழுவுவதுதான். கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தில் ஊறப்போட்டு, பிறகு சுத்தத் தண்ணீரில் ஆறு முறை கொதிக்கவைப்போம். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் முடிக்க மதியம் ஒரு மணி ஆகிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சுடரைப் பற்றவைப்போம். இந்த வழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் நாங்கள் விழுந்தோம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த மூன்றாம் வருஷம் இதே கட்டடத்தில், ஏசி போட்டு ஜன்னலையெல்லாம் சாத்திய ஓர் அறையில், மூடியதாக நினைத்த ஹைட்ரஜன் குழாய் மூடாமல் இருந்தது. நான் லைட்டரைத் தட்டினேன். 'டப்' என்று ஒரே சத்தம். ஜன்னல் கண்ணாடி கீழே கார் நிறுத்துமிடத்தில் கிடந்தது. என் இரண்டு புருவங்களும் கருகிப்போயின. பக்கத்தில் நின்றிருந்த சீனியருக்கு ஒரு வாரம் இடது காது கேட்கவில்லை. "உயிர் இருக்குல்ல, போய் டீ குடி" என்றார் அவர். டீயைக் குடிக்க முடியவில்லை, டம்ளர் கையில் நிற்கவில்லை. நான் பொறுப்புக்கு வந்ததும் போட்ட முதல் சட்டம் இதுதான்: ஹைட்ரஜன் திறந்திருக்கும் நேரமெல்லாம் கிழக்கு ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். சிவப்புப் பெயின்ட்டில் என் கையாலேயே சுவரில் எழுதினேன்.

ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது எங்கள் கோட்டில் ஒரு புது பீக் வந்தது. பட்டாம்பூச்சியின் வலது இறக்கையில், ஒரு சின்ன மேடு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத மேடு. முதலில் பார்த்தவர் பாஸ்கர்.

பாஸ்கர் ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் என்னுடன் வேலை பார்த்த விஞ்ஞானி. வயது நாற்பத்திரண்டு. மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு, மனைவி தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர், இரண்டு பெண் குழந்தைகள். வருஷா வருஷம் ஒப்பந்தம் நீளுமா நீளாதா என்று மார்ச் மாதம் முழுக்க அவர் முகத்தில் இரத்தமே இருக்காது. என்னைப்போல் சத்தம் போடத் தெரியாத மனிதர். வேலையில் அவருக்கு இருந்த நிதானம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"மேடம், இது அழுக்கா இருக்கும். எனக்கு நம்பிக்கை இல்ல" என்றுதான் அவர் முதல் நாள் சொன்னார்.

எல்லாவற்றையும் சோதித்தோம். அமில பாட்டிலை மாற்றினோம். ஆர்கான் வாயுவை மாற்றினோம். இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீரை வெளியே கொடுத்துச் சோதித்தோம். எல்லாம் சுத்தம். மேடு மட்டும் அசையவில்லை. நான்கு மாதம், தினம் தினம், அதே இடத்தில் வந்து நின்றது. கடைசியில் இருவருமே நம்பினோம். சரி, உண்மையைச் சொல்கிறேன், அவருக்கு முன்னால் நான் நம்பிவிட்டேன். எழுதினோம். பெரிய பத்திரிகை ஏற்றுக்கொண்டது. பாஸ்கர் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். எங்கள் தொழிலில் இரண்டும் மரியாதையான இடங்கள்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் துறையில் ஒரு நிரந்தரப் பதவிக்கு நேர்காணல் அறிவித்தார்கள். வயது வரம்பில் பாஸ்கருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. "இந்த பேப்பர் இருக்கறப்ப உங்களைத் தொட முடியாது பாஸ்கர்" என்று நான்தான் சொன்னேன். அவர் ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

நேர்காணல் வாரத்தின் திங்கட்கிழமை, அச்சுக்குப் போகும் முன் கடைசியாகச் சரிபார்க்கும்படி பத்திரிகையிலிருந்து கட்டுரை வந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு படம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. புதிதாக ஒரு முறை ஓட்டி நல்ல கோடாகப் போடலாம் என்று நினைத்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு. அதனால் திங்கள் சாயங்காலமே பாத்திரங்களைக் கொதிக்கவைத்து மூடிவைத்துவிட்டு, செவ்வாய் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். மயிலாப்பூரிலிருந்து வரும் வழியெல்லாம் மெட்ரோ பள்ளம், அந்த நேரத்தில்தான் கொஞ்சம் நகர முடியும். பாஸ்கர் சான்றிதழ் நகலெடுக்கப் பாண்டி பஜார் போவதாகச் சொல்லியிருந்தார்.

காலை எட்டு மணிக்கு அந்த மேடு வரவில்லை.

இறக்கை வழவழவென்று இருந்தது. மறுபடி மணியைச் சுட்டு, மறுபடி ஓட்டினேன். இல்லை. மணி கெட்டுவிட்டதோ, கம்பி வளைந்து கோணம் மாறிவிட்டதோ என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. ஐந்து மணி நேரம் மின்விசிறி இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தேன். ஏதோ தப்பு செய்துவிட்டாய், அவ்வளவுதான், மதியம் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதியம் எல்லாம் சரியாகத்தான் ஆனது. இரண்டே காலுக்குக் கரண்ட் வந்தது. அதே மணி, அதே அமிலம். மேடு வந்து ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். முடியவில்லை. காலையில் இல்லாதது மதியம் இருக்கிறதென்றால் அது பிளாட்டினத்தின் குணமாக எப்படி இருக்க முடியும்? உலோகத்துக்கு ஏது காலை, மதியம்?

அப்போது கன்னியம்மா உள்ளே வந்தாள். எங்கள் கூடத்தைப் பெருக்கித் துடைப்பவள். முன்பு ஆற்றோரத்தில் குடியிருந்தாள். வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபின் இரண்டு பஸ் மாறி வருவாள்.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி கீது? சாப்டலியா?"

"ஒண்ணும் இல்ல."

"கரண்ட்டு இல்லாம காலைலேந்து வெந்துகினு இருந்தீங்களா? இப்பதான் கடல் காத்து வந்துகீது. இன்னும் நல்லா தொறந்து வுடறேன்." ஜன்னலைத் தள்ளியவள் கொக்கியோடு மல்லுக்கட்டினாள். "இதைப் பாருங்க மேடம். போன தீவாளிக்குத்தான் புச்சு போட்டாங்க. அதுக்குள்ள துரு புட்சுக்கினு நிக்குது. எல்லாம் உப்புக் காத்து. அந்தப் பக்கம் ஜன்னல் எல்லாம் நல்லாத்தான் கீது, இது ஒண்ணுதான் இப்டி."

நான் கொக்கியைப் பார்த்தேன். பிறகு ஜன்னலை ஒட்டிய கல் மேடையைப் பார்த்தேன். அதன் மேல் அகல வாய்க் குடுவை ஒன்று, சுத்தத் தண்ணீரோடு, காலையிலிருந்து திறந்தபடி இருந்தது.

மணியின் முகத்தில் வைக்கும் சொட்டு அந்தக் குடுவையிலிருந்துதான். மேடு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்துதான் தினமும் கடைசியாகக் கொதிக்கவைத்த தண்ணீரை அங்கே ஆறவைத்துக்கொண்டிருந்தோம். ஏன் திறந்து வைத்தோம் என்று கேளுங்கள். மூடினால் மூடியிலிருந்து ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். அந்த மேடைதான் சுடருக்குப் பக்கம், ஜன்னலுக்கும் பக்கம். அடையாறு முகத்துவாரத்திலிருந்து எங்கள் கட்டடம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். காலையில் காற்று நிலத்திலிருந்து வீசும். ஒரு மணிக்கு மேல் கடலிலிருந்து உப்போடு வரும். உப்பு என்றால் குளோரைடு, பிளாட்டினத்தை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத்திலிருந்து வந்த தண்ணீரைச் சோதித்தோமே தவிர, ஜன்னலோரத்தில் ஒரு மணி நேரம் நின்ற தண்ணீரைச் சோதிக்கவே இல்லை. நான்கு மாதமாக மெரினா காற்றை அளந்து, அதற்குப் பிளாட்டினம் என்று பெயர் வைத்திருந்தோம்.

அப்படித்தானா என்று இன்னும் நிச்சயமில்லை, சந்தேகம்தான். ஆனால் என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. கன்னியம்மா போனதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் பாஸ்கர் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்.

யாரிடமும் சொல்லவில்லை. பத்திரிகைக்கு எழுதி அடுத்த திங்கள் வரை அவகாசம் கேட்டேன், காரணமாகக் கரண்ட்டைச் சொன்னேன். சாயங்காலம் வீட்டில் காபி ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். "ஆத்துக்கு வந்ததுலேர்ந்து வாயே தெறக்கல. மூஞ்சிய தூக்கி வெச்சுண்டு உக்காந்திருந்தா நான் என்னன்னு நினைச்சுக்கறது?" என்றார் என் கணவர். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

புதன்கிழமை செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது. நீங்கள் யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கடற்காற்றுதான் காரணம் என்றால், மதியம் ஜன்னலை மூடிவிட்டு ஓட்டினால் மேடு வரக் கூடாது. இதுதான் என் மூளைக்கு எட்டியது. பயம் பிடித்தால் மூளை குறுக்கு வழியைத்தான் பார்க்கும். பாஸ்கர் சாப்பிடப் போயிருந்தார். என் கையால் சுவரில் எழுதிய சிவப்பு எழுத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, துருப்பிடித்த அந்தக் கொக்கியை இழுத்து ஜன்னலைச் சாத்தினேன். காற்று நின்றது. கழுத்தில் உடனே வியர்வை பூத்தது. ஹைட்ரஜன் குழாயைத் திறந்தேன்.

'ஸ்ஸ்' என்றது. லைட்டரைத் தட்டினேன். பற்றவில்லை. மறுபடி தட்டினேன். பொறி வந்ததா என்றே தெரியவில்லை. காகிதத்தை நீட்டினேன். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. 'ஸ்ஸ்' சத்தம் மட்டும் நிற்கவில்லை. மூடு, குழாயை மூடு என்று எனக்குத் தெரிகிறது. கை மட்டும் லைட்டரை விடவில்லை. இன்னும் ஒரே ஒரு தட்டு, பற்றிவிடும், விடை தெரிந்துவிடும் என்று இன்னொரு குரல். எத்தனை விநாடி அப்படி நின்றேன் என்று தெரியாது. கட்டை விரல் லைட்டர் மேல் இருந்தது. காதுக்குள் அந்தப் பழைய 'டப்' கேட்டுக்கொண்டே இருந்தது.

"மேடம்!"

வாசலில் பாஸ்கர்.

"தட்டாதீங்க. லைட்டரை அப்டியே என்கிட்ட குடுங்க. ஒண்ணும் இல்ல. குடுங்க."

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து லைட்டரை வாங்கினார். குழாயை மூடினார். ஜன்னலைத் திறந்தார். என் தோளைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு வந்து உட்காரவைத்தார். அதற்கப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. அன்றுவரை நான் பார்க்காத கோபம்.

"என்ன மேடம் பண்ணிட்டிருந்தீங்க? செவுத்துல எழுதினது யாரு? நானா? கரப்பான் பூச்சி மாதிரி செத்துருப்பீங்க!"

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் ஓட்டியது, மேடு இல்லாமல் போனது, கன்னியம்மா காட்டிய கொக்கி, குடுவை. சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. அவர் என்னோடு சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லவே இல்லை, உங்களுக்குப் பிரமை என்று சொல்வார், சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் கேட்டது வேறு.

"இதுக்கு எதுக்கு மேடம் ஜன்னலை மூடணும்? ரெண்டு குடுவை போதுமே. ஒண்ணு ஜன்னல்கிட்ட. இன்னொண்ணு உள் ரூம்ல, மூடி போட்டு. ரெண்டுலேர்ந்தும் சொட்டு எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடும்."

அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். உயிரைப் பணயம் வைக்கத் தயாராக இருந்த எனக்குத் தோன்றவில்லை. தன் கட்டுரைக்குக் குழி தோண்டும் சோதனையைத் தானே யோசித்துச் சொன்ன மனிதரை அன்று எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

வியாழக்கிழமை இரண்டு குடுவைகளையும் அவரே கழுவினார், ஆறு முறையும் அவரே கொதிக்கவைத்தார். மதியம் இரண்டரைக்கு ஜன்னலோரத் தண்ணீர். மேடு வந்தது. மூன்றேகாலுக்கு உள் அறைத் தண்ணீர். கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. மேடு வர வேண்டிய இடத்தைத் தாண்டி, வழவழவென்று போய்விட்டது. அவர் இன்னொரு முறை ஓட்டினார். இன்னொரு முறையும். பிறகு கருவியை அணைத்தார்.

"நல்ல கோடு மேடம்" என்றார். "ஒன்பது வருஷத்துல இவ்ளோ சுத்தமா வந்ததில்ல."

நான் சொன்னேன்: "பாஸ்கர், நாளைக்கு இன்டர்வியூ முடியட்டும். ஒரு நாள்தானே. திங்கக்கிழமை பத்திரிகைக்கு எழுதிடலாம். இப்ப யாருக்கும் தெரிய வேண்டாம்."

"பொண்ணுக்கு ஸ்கூல் புக் வாங்கணும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை நேர்காணல் அறையில் ஐந்து பேர். பிரிவின் பொறுப்பாளர் என்ற முறையில் நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மதிப்பெண் போடும் உரிமை எனக்கு இல்லை, கேட்டால் பதில் சொல்லலாம். பாஸ்கர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னார். எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது என்று முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசியில், வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் எங்கள் கட்டுரையை எடுத்து முன்னால் வைத்தார். தேர்வுக் குழுத் தலைவரைப் பார்த்து, "இந்த ஒரு பீக்குக்காகவே இவரை எடுக்கலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், இதுல உங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லையே? உறுதியா இருக்கீங்கல்ல?"

பாஸ்கர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உறுதியா இருக்கேன்" என்றேன்.

என் குரல் பிசிறவே இல்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷமாகப் பயத்தை மறைத்துப் பழகிய குரல். நிபுணர் தலையாட்டிக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். தலைவர், "தேங்க்யூ பாஸ்கர், நீங்க போகலாம்" என்றார். பாஸ்கர் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சார், ஒரு நிமிஷம். அது பிளாட்டினத்தோட பீக் இல்ல. கடல் காத்துல வந்த உப்பு. நேத்து சாயங்காலம்தான் கண்டுபிடிச்சோம்."

நிபுணர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மேடம் இப்ப சொன்னது?"

பாஸ்கர் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். "மேடம் எனக்காகச் சொல்றாங்க சார். எனக்கு இது கடைசி சான்ஸ். அந்த இரக்கத்துல சொல்றாங்க. அவங்களைத் தப்பா நினைக்காதீங்க."

நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவரது நேர்மையைப் பாராட்டிக் குழு ஒரு வரி எழுதியதாகச் சொன்னார்கள். அடுத்த மார்ச்சில் ஒப்பந்தமும் முடிந்தது. பாஸ்கர் இப்போது அம்பத்தூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறார். என்மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. ஜூனியருக்காகத் தன் பெயரையே பணயம் வைத்தவள் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. கேன்டீனில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். என் பிரிவு உபசார விழாவில் ஒருவர் மேடையிலேயே இதைச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. மூன்றாம் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த பாஸ்கரும் கைதட்டினார். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன்.

நீங்களும் இந்தக் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்களாம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நிபுணர் என்னைக் கேட்ட அந்த விநாடியில் எனக்குப் பாஸ்கர் ஞாபகம் வரவில்லை. அவர் மனைவி, பெண்கள், வயது வரம்பு, எதுவும் வரவில்லை. கட்டுரையின் கடைசியில் இருந்த என் பெயர் மட்டும்தான் வந்தது. ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது, உப்புக்கும் பிளாட்டினத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று ஐந்து பேருக்கு முன்னால் ஆகிவிடுவேனே என்று பயந்தேன். அந்தப் பொய்யை எனக்காகத்தான் சொன்னேன். அவர் தன் வேலையைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் எனக்கு ஒரு நல்ல பெயரையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை இத்தனை வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தேன். உபதேசம் எதுவும் என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அறைக்குள் இருக்கிற வாயுவை அளக்கக் கருவி உண்டு. அந்த மாதிரி ஒரு விநாடியில் உங்கள் வாயிலிருந்து என்ன வரும் என்று அளக்க ஒன்றும் கிடையாது, வந்த பிறகுதான் தெரியும்.

உங்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை அவர் படித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை பாஸ்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் இரண்டு நீல டிக் விழுந்துவிட்டன. இன்று வியாழன். இன்னும் பதில் இல்லை.